பை வைத்த பட்டு

கூட்ஸ் வண்டி போகும்போது
நான் பட்டை வெட்டுவதில்லை.
கொருக்குப்பேட்டை கேட் மூடியதும்
மேசை நடுங்கும், சாக்பீஸ் கோடு பிசகும்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணி முடிக்கிறவரை
கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடியே கிடக்கும்.

எஸ்தர் சுகந்தி காசிமேட்டில் ஏலம் விடுகிறவள்.
வஞ்சிரத்தைக் கண்ணாலேயே நிறுத்து
விலை சொல்கிற வாய்.
மடிப்புக் கலையாத ஆரணிப் பட்டொன்றை
ஐஸ் ஈரம் காயாத கையோடு
மஞ்சள் பையிலிருந்து எடுத்துப் போட்டாள்.
"கவுனு தைக்கணும் மாஸ்டரு. தரையத் தொடணும்.
ரெண்டு பக்கமும் பாக்கெட். கை முழுசா உள்ள போவணும்."

பட்டுக்குப் பாக்கெட்டா என்றேன்.
"இன்னா, பட்டு போட்டா கை காணாப் பூடுமா?"

விசேஷமா என்றேன்.
"திங்கக்கெழம எம் பேர்ல போட்டு எறங்குது.
சீலை கட்டினு போய் நின்னா
போட்டுக்காரன் பொண்டாட்டின்னு நெனச்சுக்குவானுங்க."

மார்பு நாற்பத்தாறு.
இடது தோள் அரை அங்குலம் தாழ்வு.
டேப்பு சொன்னதை நான் சொல்லவில்லை.
"லெப்ட்ல எறக்கி வையி, பொட்டி தூக்குன பக்கம்"
என்று அவளே சொன்னாள்.

உடல் கத்தரிப்பூ. கரை அரக்கு.
மூன்று நாடா ஓடி
ஒவ்வோர் இழையிலும் இரு நிறம் கை கோத்துக்கொண்ட
கோர்வை.
அதன்மேல் கத்தரி வைக்க மனசு வரவில்லை.
கரையோடு சேர்த்தே கீழ்ச் சுற்றாக விட்டேன்.
நேராகவே நடந்து பழகிய கரை, வட்டத்துக்கு வளைய மறுத்தது.
மடிப்பு மடிப்பாக வைத்து, ஊசி குத்தி,
இரண்டு ராத்திரி சமாதானம் பேசினேன்.

மூன்றாவது மீட்டரில் விரல் நின்றது.
நாலு விரல் அகலத்துக்கு
இழைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன,
ஆறரை மணி பஸ்ஸில்போல.
டியூப்லைட்டில் பிடித்தால்
அங்கே மட்டும் நிறம் சற்றுக் கெட்டி.

யாரோ செத்த சேதி வந்திருக்கும் என்று நினைத்தேன்.
கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்றிருப்பான்.
பல்லைக் கடித்துக்கொண்டு அடித்த அடி.
பட்டு என்றால் நெய்தவனின் கண்ணீர் என்று
எங்கே படித்தேனோ,
ஊசி குத்தும்போதெல்லாம் ஒரு சாவு வீடு வந்துபோனது.

சங்கத்துச் சீட்டில் பேரும் நம்பரும் இருந்தன.
பூ. குமரகுரு.
பின்னால் தறிச் சத்தம், யாரோ டிவி பார்க்கும் சத்தம்.

"கத்திரிப்பூவுக்கு அரக்குக் கரையா? ஆங்...
அன்னிக்கு மச்சான் பிரியாணி வாங்கியாந்தாங்க.
சாப்ட்டு வந்து உக்காந்தேன்.
பலகை கொஞ்சம் கனமா விழுந்துருக்கும்.
ஏங்க, தப்பாத் தெரியுதுங்களா?"

இல்லை என்றேன். எந்தக் கடை என்று கேட்டேன்.
சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன்.

சுகந்தியிடம் சொன்னபோது
ஏலக்கூடமே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.
"அப்ப அத வவுத்தாண்ட வெச்சுத் தையி மாஸ்டரு."

வைத்தேன். தொப்புளுக்கு நேரே,
மடிப்பு எதுவும் மறைக்காமல்.

திங்கட்கிழமை போக முடியவில்லை.
முப்பது ஸ்கூல் யூனிபார்ம், பாக்கி.
மத்தியானம் செல்லில் ஒரு போட்டோ வந்தது.
படகு பாதி, அவள் பாதி.
எடுத்தவன் தலையை வெட்டிவிட்டான்.
கவுன் மட்டும் முழுசாக இருக்கிறது.
இரண்டு கையும் பாக்கெட்டுக்குள்.
கீழ்க்கரை கணுக்கால்வரை நனைந்திருக்கிறது.

உப்புத் தண்ணி பட்டால் சரிகை கறுத்துவிடும்,
உடனே நல்ல தண்ணியில் அலசு என்று
வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வாயைத் திறந்தேன்.
கேட் மணி அடித்தது.

கத்தரியைக் கீழே வைத்தேன்.
ஒன்று, ரெண்டு, மூணு.